ஜெர்மனியில் சைபர் செக்யூரிட்டி முதுகலை: எந்தக் காகிதம் முதலில், என்ன செலவு, எவ்வளவு நாள்

முதல் தடவை நான் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஆறிலும் இல்லை என்று பதில் வந்தது. இசிஇ பட்டம், சிஜிபிஏ 8.1, ஐஇஎல்டிஎஸ் 7, சென்னையில் ஒரு நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் இரண்டு வருட நைட் ஷிஃப்ட், போதாததற்கு நிறையப் பணம் கட்டி வாங்கிய ஓர் எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழ். இத்தனை இருந்தும் ஏன் என்று புரியாமல் பல நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் அதே மதிப்பெண்ணோடு அதே நான் விண்ணப்பித்தேன், மூன்று இடங்களில் கிடைத்தது. நடுவில் மாறியது இரண்டே விஷயம்: என் பாடங்களை நான் எழுதிக் காட்டிய விதம், காகிதங்களை வாங்கிய வரிசை.

அந்த ஒரு வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக் முடித்தவர்களையும் முடிக்கப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. சைபர் செக்யூரிட்டி, நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கம் மாஸ்டர்ஸ் போக நினைப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

இலக்கு அக்டோபரில் தொடங்கும் வின்டர் செமஸ்டர் என்றால், அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பதினான்கு மாதம் அதிகம் என்று தோன்றும். தேவைப்படும்.

1. ஊரைப் பார்த்துத் தேடாதீர்கள், பாடத்தைப் பார்த்துத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் பெர்லின், மியூனிக் என்று தேடுவோம். இந்தத் துறையில் பெரிய வேலை நடப்பது அதிகம் பேசப்படாத ஊர்களில். சார்புருக்கனில் சிஸ்பா ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போகுமில் மாக்ஸ் பிளாங்க் சொசைட்டியின் பாதுகாப்பு, தனியுரிமை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையில் உள்ள 'டெராபின்' பலவீனத்தை 2023 டிசம்பரில் வெளியிட்டவர்கள் போகுமில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான். டார்ம்ஸ்டாட்டில் ஏத்தேனே என்ற சைபர் பாதுகாப்பு ஆய்வு மையம் இருக்கிறது. ஜெர்மன் அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐ இருப்பது பான் நகரத்தில்.

ஒரு துறை உண்மையிலேயே நல்லதா என்று தெரிந்துகொள்ள நான் பின்பற்றிய வழி இது. யூசனிக்ஸ் செக்யூரிட்டி, சிசிஎஸ், என்டிஎஸ்எஸ், ஐஇஇஇ செக்யூரிட்டி அண்ட் பிரைவசி என்று நான்கு பெரிய மாநாடுகள் உண்டு. அந்தத் துறைப் பேராசிரியர்கள் கடந்த மூன்று வருடங்களில் இவற்றில் கட்டுரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் அங்கே உங்களுக்கு நல்ல தீசிஸ் தலைப்பு கிடைக்கும்.

அடுத்து பாடமொழி. சார்லாந்து, பான், கோட்புஸ் ஆகிய இடங்களில் ஆங்கிலத்திலேயே சைபர் செக்யூரிட்டி எம்.எஸ்சி. இருக்கிறது. பல இடங்களில் இணையப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், வகுப்பு ஜெர்மனில் நடக்கும். பக்கத்தை நம்பாமல் 'மொடூல் ஹான்ட்புக்' என்ற பாடக் கையேட்டைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எந்த மொழி போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மன் என்றால் பெரும்பாலும் சி1 நிலை கேட்பார்கள். அந்த நிலைக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே படிக்க வேண்டியிருக்கும்.

கட்டணம் பற்றி ஒரு எச்சரிக்கை. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது முழு உண்மை அல்ல. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும்தான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 வின்டரிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கே வேறு. உங்களை அங்கே சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்கு கமிஷன் கிடைக்கும். "அரசுப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குக் கிடைக்காது தம்பி" என்று முதல் நாளே என்னிடம் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

2. உங்கள் பாடங்களை ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்) கணக்கில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நான் முதல் வருடம் தோற்றது இங்கேதான்.

ஜெர்மன் சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது உங்கள் ஆர்வத்தையோ சான்றிதழ்களையோ அல்ல. இளநிலையில் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கிறார்கள். கணிதம் இவ்வளவு, தியரெட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் இவ்வளவு, சிஸ்டம்ஸ் இவ்வளவு என்று ஒவ்வொரு துறையும் வரம்பு வைத்திருக்கும். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், மற்றவை எல்லாம் நிறைந்திருந்தும் பயனில்லை. எனக்கு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப இருந்தது ஒரே வரி: தியரெட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் போதவில்லை. இசிஇ-யில் தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் எங்களுக்குப் பாடமே இல்லை. அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

எனவே ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். இடது பக்கம் அவர்கள் கேட்கும் பிரிவு. வலது பக்கம் உங்கள் பாடம், கிரெடிட், மதிப்பெண் பட்டியலில் அது எந்த செமஸ்டரில் இருக்கிறது, பாடத்திட்டத்தில் எத்தனையாவது பக்கம்.

கிரெடிட்டை மாற்றுவது எப்படி? ஐரோப்பாவில் ஒரு வருடப் படிப்பு 60 ஈசிடிஎஸ். நான்கு வருடத்துக்கு 240. உங்கள் பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டால் 240-ஐ வகுத்தால் வருவதுதான் உங்கள் பெருக்கல் எண். மொத்தம் 160 என்றால் 1.5. அப்போது 3 கிரெடிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம் 4.5 ஈசிடிஎஸ் ஆகும். இது தோராயக் கணக்கு. பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸ், ப்ராபபிலிட்டி, தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், அல்காரிதம்ஸ். இந்த எட்டும் எங்கே இருக்கின்றன என்று உங்கள் மதிப்பெண் பட்டியலில் தேடுங்கள். லேப் பாடங்களையும் விடாதீர்கள். நெட்வொர்க்ஸ் லேபுக்குத் தனிக் கிரெடிட் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். முதல் வருடம் நான் அதை எழுதவே இல்லை.

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்களுக்கே இழப்பு. இசிஇ-யில் 'கம்யூனிகேஷன் நெட்வொர்க்ஸ்' என்று படித்தது உள்ளடக்கத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்தான். டிசிபி, ரவுட்டிங், கன்ஜெஷன் கன்ட்ரோல் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதற்குத்தான் மாடியூல் டிஸ்கிரிப்ஷன். ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் ஐந்து யூனிட்டின் தலைப்புகள், வகுப்பு நேரம், லேப் நேரம், பாடநூல் எல்லாம் போட்டு ஒரே கோப்பாகச் செய்யுங்கள். பாடத்திட்டத்தை உங்கள் ரெகுலேஷன் வருடத்துக்கானதாகப் பார்த்து எடுங்கள். ஜூனியர்கள் படிக்கும் புது ரெகுலேஷனை இறக்கி வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலோடு பாடக் குறியீடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கோப்பில் கல்லூரி சீலும் துறைத் தலைவர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். என் கல்லூரி அலுவலகத்தில், "சிலபஸ் எல்லாம் வெப்சைட்ல இருக்கே தம்பி, அதுக்கு எதுக்கு சீல்?" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை பஸ் ஏறிப் போனேன். நீங்கள் போகும்போது பல்கலைக்கழகம் கேட்டிருக்கும் பக்கத்தை அச்செடுத்து, சுருக்கமான ஒரு விண்ணப்பக் கடிதத்தோடு கொடுங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் நாட்களில் போகாதீர்கள்.

ஒரு கட்டம் உண்மையிலேயே காலி என்றால் என்ன செய்வது? மறைக்காதீர்கள். ஜெர்மனியில் 'ஆவ்ஃப்லாகன்' என்று ஒன்று உண்டு. அதாவது, "உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் இந்த இளநிலைப் பாடத்தை இங்கே வந்து இவ்வளவு நாளுக்குள் முடிக்க வேண்டும்" என்ற நிபந்தனைச் சேர்க்கை. எல்லாத் துறைகளும் தருவதில்லை. சேர்க்கை விதியில் இந்தச் சொல் இருக்கிறதா என்று தேடி, இருக்கும் இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு இப்படித்தான் கிடைத்தன. என்பிடெல் ஆன்லைன் பாடச் சான்றிதழ்களைச் சில குழுக்கள் பார்க்கும், சில பார்க்காது. கட்டத்தை நிரப்பும் என்று அவற்றை நம்பி இருக்காதீர்கள்.

மதிப்பெண்ணையும் மாற்ற வேண்டும். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து பாஸ் மதிப்பெண்ணைக் கழியுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். பத்தில் 8.1, பாஸ் 5 என்றால் 2.14 வரும். அங்கே எண் குறையக் குறைய நல்லது. 2.5 வரை கேட்கும் இடங்கள் நிறைய உண்டு. ட்ரான்ஸ்கிரிப்ட்டில் பாஸ் மதிப்பெண் என்ன என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 5-க்குப் பதில் 4 என்று எடுத்துக்கொண்டால் என் மதிப்பெண் 1.95 ஆகிவிடும். அவ்வளவு வித்தியாசம் வருகிறது.

3. இனிஷியல் விவகாரம்

நம் பெயர் முறை ஜெர்மன் படிவங்களுக்குப் புரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, ஆதாரில் இனிஷியல் பின்னால். நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடமே காலியாக இருப்பவர்களும் உண்டு.

சர்நேம் காலியாக இருந்தால், நேரம் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்குவது நல்லது. ஏபிஎஸ் சான்றிதழ் (அடுத்த பகுதியில் சொல்கிறேன்), அட்மிஷன் கடிதம், விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் வர வேண்டும். நடுவில் பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லாம் குழம்பும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்றால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி, எல்லா விண்ணப்பத்தோடும் சேர்த்து வைத்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

4. ட்ரான்ஸ்கிரிப்ட், அப்புறம் ஏபிஎஸ்

ட்ரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வாங்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் தங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். ஐந்து பிரதியாவது கேளுங்கள். ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ் என்பது உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் கல்வி மதிப்பீட்டு மையம் தரும் சான்று. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு இது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது ப்ரொவிஷனல், பாஸ்போர்ட் ஆகியவை முக்கியம். கூடுதலாக என்ன கேட்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் அன்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள், யூடியூப் வீடியோவில் பார்க்காதீர்கள். பட்டியல் அடிக்கடி மாறுகிறது.

சில வாரங்களில் வந்துவிடும். கூட்டம் சேரும் மாதங்களில் இரண்டு மாதத்தைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். அரியர் இருந்து பிறகு பாஸ் செய்திருந்தால், எல்லா முறையும் வாங்கிய மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். பாஸ் ஆன பட்டியலை மட்டும் வைத்தால் விடுபட்டது எங்கே என்று கேட்டு நிறுத்திவைப்பார்கள். நவம்பருக்குள் அனுப்பிவிட்டால் நிம்மதி.

மூன்று வருட பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். மூன்று வருடப் பட்டத்தை ஏற்கும் இடமும் உண்டு, ஏற்காத இடமும் உண்டு. பணம் கட்டும் முன்பு சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். உங்கள் கல்லூரி, பட்டம் பற்றி 'அனபின்' என்ற ஜெர்மன் தரவுத்தளத்திலும் பார்க்கலாம். எச்பிளஸ் என்று இருந்தால் அந்தக் கல்வி நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டு என்று பொருள்.

5. ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ் கட்டணம் சுமார் 18,000 ரூபாய், மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். 6.5 போதும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி, சில இடங்களில் 7 கேட்பார்கள். "ஆங்கில வழியில் படித்தேன்" என்று கல்லூரி தரும் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும். விசாவிலும் வேறு இடங்களிலும் கேள்வி வராமல் இருக்க, தேர்வை எழுதிவிடுவதே நல்லது.

6. விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்களில் நேராக விண்ணப்பிக்கலாம். சிலவற்றில் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக. அதில் ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றும் 30 யூரோ. ஐந்து இடம் என்றால் 195 யூரோ. திருப்பித் தர மாட்டார்கள். மூன்றாவது ஒரு வகையும் உண்டு: யூனி-அசிஸ்டிடம் விபிடி என்ற மதிப்பீட்டுச் சான்று வாங்கி, அதை வைத்துப் பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பிப்பது. விபிடி வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நீங்கள் யூனி-அசிஸ்டில் முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு நல்ல இடம் எனக்குப் போய்விட்டது.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஜூலை 15 என்று பல இடத்தில் பார்ப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் அது மார்ச்சிலோ மே மாதத்திலோ முடிந்துவிடும். நமக்கான தேதி எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோக்கக் கடிதத்தில் சின்ன வயதில் கம்ப்யூட்டரைப் பார்த்து வியந்த கதை வேண்டாம். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் என்ன செய்தீர்கள், எந்த நெட்வொர்க் பிரச்சினையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அவர்களின் எந்தப் பாடம் உங்களுக்கு ஏன் வேண்டும் என்று எழுதுங்கள். நான் இரண்டாம் வருடம் எழுதியது வேலையில் நடந்த ஒரே சம்பவம்தான். ஒரு ரவுட்டர் தவறான பாதையை அறிவித்ததால் ஒரு கிளையின் இணைப்பு போய்க்கொண்டே இருந்தது, அதைப் பாக்கெட் பிடித்துப் பார்த்துச் சரிசெய்தோம். அங்கிருந்து, ரவுட்டர்கள் பாதைகளை அறிவிக்கப் பயன்படுத்தும் பிஜிபி நெறிமுறையின் பாதுகாப்பு பற்றி எனக்கு வந்த கேள்வியை எழுதினேன். ஒரு பக்கம்தான்.

7. பணம்

விசாவுக்கு, ஒரு வருடச் செலவுக்கான பணம் உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வழக்கமான வழி பிளாக்டு அக்கவுண்ட், அதாவது மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு. 2024 செப்டம்பர் முதல் தொகை 11,904 யூரோ, மாதத்துக்கு 992 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 11 லட்சத்து 90 ஆயிரம். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். அனுப்பும் வாரத்தில் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்றவர்கள் இந்தக் கணக்கைத் திறந்து தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வங்கிப் பிடித்தம் போகக் குறையாமல் சேர வேண்டும் என்பதால் 100 யூரோவாவது கூடுதலாக அனுப்புங்கள். சில யூரோ குறைந்தாலும் உறுதிக் கடிதம் வராது.

கல்விக் கடன் வாங்குபவர்கள் அட்மிஷனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றும் ஒரு நடை. வீடு தாத்தா பெயரிலேயே இருந்தால் பத்திரத்தைச் சரிசெய்யவே மாதங்கள் ஆகலாம். பிப்ரவரியிலேயே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம். சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்கு வங்கி வரி பிடிக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போனால் 2025 ஏப்ரல் முதல் பிடித்தம் இல்லை. பிடித்த தொகை, யார் பான் எண்ணில் அனுப்பினீர்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அவர் வரியில் கழியும், அல்லது திரும்ப வரும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

8. விசா

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். தூதரகத்தின் ஆன்லைன் போர்ட்டலில் விண்ணப்பம், பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரில். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும், விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் தனி. அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, காப்பீடு, மதிப்பெண் பட்டியல்கள், ஆங்கிலத் தேர்வு முடிவு, நோக்கக் கடிதம், புகைப்படம். அச்சுப் பிரதிகளை அவர்கள் பட்டியலில் உள்ள வரிசையிலேயே அடுக்குங்கள். முடிவு வர ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். முன்பெல்லாம் மறுத்தால் இலவசமாக மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வழக்குப் போட வேண்டும். எனவே முதல் தடவையே முழுமையாகக் கொடுங்கள்.

9. போய் இறங்கிய முதல் மாதம்

கையில் 1,000 முதல் 1,500 யூரோ வேண்டும், கண்டிப்பாக. பிளாக்டு அக்கவுண்ட் பணம் உடனே வராது. அதற்கு ஜெர்மன் வங்கிக் கணக்கு வேண்டும், வங்கிக்கு முகவரிப் பதிவு வேண்டும், முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் உறுதிப் படிவம் வேண்டும். வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். "ரூம் தருகிறேன், ஆனால் பதிவு செய்யக் கூடாது" என்று சொல்பவரின் வீட்டுக்குப் போகாதீர்கள். பார்க்காத வீட்டுக்கு முன்பணமும் அனுப்பாதீர்கள். முன்பணம் அடிப்படை வாடகையைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. மாணவர் விடுதிக்கு, அட்மிஷன் வந்த அன்றே பெயரைப் போட்டுவிடுங்கள்.

30 வயதுக்குள் என்றால் அரசு மருத்துவக் காப்பீடு மாணவர் விலையில், மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டை எடுத்து அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப வர முடியாது. ஊரில் கிளம்பும்போது எடுக்கும் பயணக் காப்பீடு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய உதவாது.

10. படிப்புக்குத் தயாராவது

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். சி மொழியில் பாயின்டர், ஸ்டேக், ஹீப் கையில் பழக வேண்டும். எம்ஐடி-யின் எக்ஸ்வி6 என்ற சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இறக்கி, புதிதாக 'சிஸ்டம் கால்' ஒன்றை நீங்களே சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு வேலை எனக்கு முதல் செமஸ்டரைக் காப்பாற்றியது. நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில், பாதுகாப்பான இணைப்பு தொடங்கும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கைப் பார்த்து ஒவ்வொரு செய்தியும் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். டிஸ்கிரீட் கணிதமும் நிரூபணம் எழுதுவதும் மறந்திருந்தால் திரும்ப எடுங்கள். கிரிப்டோகிராஃபி வகுப்பில் கருவி பயன்படுத்தச் சொல்ல மாட்டார்கள், பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்வார்கள். 16 ஜிபி மெமரி உள்ள லேப்டாப், அதில் லினக்ஸ், இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் ஓடினால் போதும்.

மாஸ்டர்ஸ் படிப்பு மொத்தம் 120 ஈசிடிஎஸ், அதில் தீசிஸ் பெரும்பாலும் 30. பல பாடங்களில் வாராவாரம் பயிற்சித் தாள் வரும். குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதிய வேண்டும். பதியாமல் ஹாலுக்குப் போனால் எழுத முடியாது. ஒரு கட்டாயப் பாடத்துக்குப் பல இடங்களில் மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது, அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. அதனால் முதல் செமஸ்டரில் 30 ஈசிடிஎஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். 18, 20 எடுத்து ஊரைப் பழகுங்கள்.

லேபில் கற்றதை விடுதி நெட்வொர்க்கிலோ பல்கலைக்கழக சர்வரிலோ முயன்று பார்க்காதீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 202ஏ முதல் 202சி வரையான பிரிவுகள் அனுமதியின்றித் தரவுக்குள் நுழைவதையும், அதற்கான கருவிகளைத் தயாரித்து வைப்பதையும் குற்றமாக்குகின்றன. வழக்கு வந்தால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து. கை அரித்தால், ஹேக்கிங் போட்டிகளில் விளையாடும் சிடிஎஃப் குழுவில் சேருங்கள். சார்புருக்கனில் சார்செக், போகுமில் ஃபிளக்ஸ்ஃபிங்கர்ஸ், எர்லாங்கனில் ஃபாஸ்ட் என்று நல்ல குழுக்கள் இருக்கின்றன. புதியவர்களை அன்பாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். டோரன்ட்டில் படம் இறக்குவதும் வேண்டாம், வழக்கறிஞர் கடிதம் பல நூறு யூரோ கேட்டு வரும்.

வேலை வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் பார்க்கலாம். பல்கலைக்கழகத்திலேயே 'ஹிவி' எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது. ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததும், அந்தப் பேராசிரியரின் ஆய்வுக் குழுவுக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள்: எந்தப் பாடம், என்ன மதிப்பெண், என்ன செய்யத் தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு வேலை கிடைத்தது அப்படி அனுப்பிய மூன்றாவது மின்னஞ்சலில், இரண்டு வருடம் கழித்து தீசிஸ் எழுதியதும் அதே குழுவில்தான்.